பிறக்காத கன்றுகளின் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் காளைமாட்டோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது :-)

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் 'பிழைத் திருத்தம்' என்று ஒரு பாடம் உண்டு. அந்த குரூப் எடுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராமன் கணக்கில் எழுத வேண்டிய பற்றைத் தவறுதலாக ராஜன் கணக்கில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? இருப்பாய்வு கச்சிதமாகச் சமமாகிவிடும். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ராஜன், தான் வாங்காத கடனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

மாடு வளர்ப்பின் வரலாற்றில் இதே மாதிரி ஒரு பிழை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நடந்திருக்கிறது. காளையின் கணக்கில் எழுத வேண்டிய நட்டத்தைப் பசுவின் கணக்கில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நட்டம் கொஞ்சநஞ்சமல்ல, லட்சக்கணக்கான கன்றுகள். அதைக் கண்டுபிடித்த விதம் இன்னும் சுவாரசியம். இந்தப் பதிவு அந்தக் கதைதான். கொஞ்சம் நீளம், ஒரு டீயோடு உட்காருங்கள்.

மந்தையில் பாதி

ஒரு பசு வருஷத்துக்கு ஒரு கன்று போடும். நல்ல பராமரிப்பு இருந்தால்தான் அதுவும். ஒரு பொலிகாளையோ இயற்கையாகச் சேர விட்டாலே ஒரு பருவத்தில் 30, 40 பசுக்களைச் சினையாக்கிவிடும். அதனால் பசு ஒன்று மலடானால் ஒரு கன்று நட்டம். காளை மலடானால் அந்த வருஷத்துக் கன்றுகள் மொத்தமும் நட்டம். 'காளைதான் மந்தையில் பாதி' என்று வெள்ளைக்காரப் பண்ணையாட்கள் சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு சிக்கல். காளையை வெளியில் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கட்டுமஸ்தாக இருக்கும், பசுவைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு பாயும், ஆனால் விந்தில் சரக்கு இருக்காது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் இதற்கென்று ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள். 15 மாதத்துக்கு உட்பட்ட இளங்காளைக்கு விதைப்பையின் சுற்றளவு குறைந்தது 30 செ.மீ. இருக்க வேண்டும். விந்தணுக்களில் 30 சதவீதமாவது முன்னோக்கி நீந்த வேண்டும். 70 சதவீதமாவது ஒழுங்கான வடிவத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறினால் பாஸ்.

கவனியுங்கள். இந்தப் பரிசோதனை காளை பசுவைச் சினையாக்குமா என்றுதான் சொல்லும். அந்தச் சினை கன்றாக வந்து தரையில் நிற்குமா என்று சொல்லாது. நம் கதை முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ராபர்ட் பேக்வெல்லும் டச்சஸ் பசுக்களும்

திட்டம் போட்டு இனவிருத்தி செய்ததில் முதலில் பெரிய பேர் வாங்கியவர் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த ராபர்ட் பேக்வெல் (1725-1795). இவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒரு வியாபார உத்தி. தன் கிடாய்களையும் காளைகளையும் விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். வாடகைப் பணம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்த விலங்கின் குட்டிகள் அடுத்தவன் பண்ணையில் நன்றாக வருகின்றன என்று பார்த்து அதைத் திரும்பத் தன் பண்ணைக்கே கொண்டுவர முடியும். அதாவது அடுத்தவன் செலவில் தரப் பரிசோதனை! நல்ல குணம் நிலைத்து நிற்க வேண்டும் என்று சொந்தத்துக்குள்ளேயே சேர்ப்பதும் இவர் முறை. நீள்கொம்பு மாடுகளை இப்படி வளர்த்தார். சதையும் கொழுப்பும் நன்றாக வந்தன. பாலும் ஈனும் திறனும் குறைந்தன. அந்த இனத்தை அடுத்த தலைமுறையிலேயே குறுங்கொம்பு மாடுகள் ஓரங்கட்டிவிட்டன.

குறுங்கொம்பு மாடுகளை வளர்த்தவர்கள் காலிங் சகோதரர்கள். இவர்களும் பேக்வெல் வழிதான். இவர்களிடம் ஃபேவரிட் என்று ஒரு காளை. அதை அதன் தாயோடே சேர்த்தார்கள். பிறந்த கிடேரியை மறுபடி அதே ஃபேவரிட்டோடு சேர்த்தார்கள். அப்படி 1804ல் பிறந்ததுதான் காமெட் என்ற புகழ்பெற்ற காளை. 1810ல் அது 1,000 கினி விலைக்குப் போனது. மாட்டு வியாபாரத்தில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் காளை அதுதான்.

காலிங்கிடம் மாடு வாங்கிய தாமஸ் பேட்ஸ் என்பவர் 'டச்சஸ்' என்ற ஒரே பசுக் குடும்பத்தைத் தனியாகப் பிடித்து வளர்த்தார். அந்தக் குடும்பத்தில் சினை பிடிக்காத தொல்லை கூடிக்கொண்டே போனது. இப்போது காமர்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். கன்று குறைவாகப் பிறந்ததால் டச்சஸ் மாடுகள் அரிதாகின. அரிதானதால் விலை ஏறியது! 1873 செப்டம்பரில் நியூயார்க் மில்ஸ் என்ற ஊரில் நடந்த ஏலத்தில் இந்தக் குடும்பத்துப் பசு ஒன்று 40,600 டாலருக்கு விலைபோனது. அன்றைய காசில்! ஈன முடியாத குறையே விலைச் சீட்டில் பெருமையாக ஏறிவிட்டது. சந்தை விலை எல்லா உண்மையையும் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஏலத்தைக் காட்ட வேண்டும்.

காளைக்கு நோய், பசுவுக்குப் பழி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பண்ணைகளில் வேறொரு தொல்லை. ஊருக்குப் பொதுவான காளை ஒன்று பல வீட்டுப் பசுக்களோடு சேரும்போது பால்வினை நோயையும் கொண்டுபோய்க் கொடுத்தது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தொற்றிய காளைக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. தின்னும், கொழுக்கும், நன்றாகவே பாயும். பசுவுக்குத்தான் கரு கலையும், மாதக்கணக்கில் சினை பிடிக்காது. பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? காளை ஜம்மென்று இருக்கிறது, பசுவுக்குத்தான் ஏதோ கோளாறு. இந்தத் தப்புக் கணக்கின் முதல் பதிவு இங்கேயே விழுந்துவிட்டது.

இதற்கு மருந்தாகவும் வந்ததுதான் செயற்கை முறைக் கருவூட்டல். நம் ஊர்ப் பாஷையில் சினை ஊசி. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஸ்பல்லான்சானி ஒரு நாய்க்குச் செய்து காட்டியது முதல் வெற்றி. ரஷ்யாவில் இவானோவ் அதைப் பண்ணைக்குக் கொண்டுவந்தார். 1936ல் டென்மார்க்கில் சோரென்சன் குழுவினர் விவசாயிகளை வைத்தே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் 1,070 பசுக்கள், அதில் 59 சதவீதம் சினை நின்றன. அதே மந்தைகளில் காளை சேர்த்ததைவிட இது கொஞ்சம் கூடுதல். 1938ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அதே மாதிரி ஒரு சங்கம். 1939ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் இந்தியாவில் முதன்முதலாக இதைச் செய்தார். காளையும் பசுவும் நேரில் சந்திக்கவே வேண்டாம் என்றானதும் பால்வினை நோய்கள் மளமளவென்று குறைந்தன.

குளிர் செய்த மாயம்

அப்போதும் ஒரு தடை இருந்தது. எடுத்த விந்தை ஓரிரு நாளில் பயன்படுத்தியாக வேண்டும். உறைய வைத்தால் உயிரணுக்கள் செத்துவிடும். 1949ல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தை உறைய வைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து அவர்கள் எடுத்த ஒரு பாட்டிலில் உண்மையில் இருந்தது கிளிசரின் கலந்த வேறொரு கரைசல். பாட்டில் மாறிய புண்ணியத்தில் விந்தணுக்கள் உறைந்து உருகியும் நீந்தின! சில வருஷங்களில் காளை விந்துக்கும் இது கைகூடியது. பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வந்ததும் விந்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றானது.

இதன் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு காளை ஒரு தடவை கொடுக்கும் விந்தில் பல நூறு கோடி உயிரணுக்கள். ஒரு குச்சிக்கு 2 கோடி போதும். ஒரே தடவையில் 200, 300 குச்சிகள். வாரத்துக்கு ஓரிரு முறை, வருஷக்கணக்கில். காளை செத்த பிறகும் சரக்கு விற்கும். 2001ல் பிறந்து 2014ல் இறந்த டாய்ஸ்டோரி என்ற அமெரிக்கக் காளையின் விந்துக் குச்சிகள் 20 லட்சத்துக்கும் மேல் விற்றன. 40 பசுக்களுக்கு ஒரு காளை என்ற கணக்கு எங்கே, இது எங்கே!

காளைதான் மந்தையில் பாதி என்ற பழைய வாக்கியம் இப்போது வேறு அர்த்தம் பெற்றுவிட்டது. ஒரே காளை ஒரு நாட்டு மந்தையில் கணிசமான பங்காக முடியும். அப்படி ஆன காளைதான் நம் கதாநாயகன்.

சீஃப்

முழுப்பெயர் பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். கருப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் இனம். பிறந்தது 1962, அமெரிக்கா.

காளை பால் கறக்காது. அப்புறம் அது நல்ல பால் ரத்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, சினையாகி, கன்று போட்டுக் கறக்கும்வரை காத்திருந்து பாலை அளக்க வேண்டும். கிட்டத்தட்ட 5 வருஷம். பல பண்ணைகளில் பல மகள்கள் கறந்த பாலை ஒப்பிட்டு 'இந்தக் காளை தேறியது' என்று முத்திரை குத்துவார்கள். சீஃப்பின் மகள்கள் அள்ளிக் கறந்தன. அவ்வளவுதான், எல்லாரும் சீஃப் விந்தையே கேட்டார்கள். சீஃப்பின் மகன்களும் பொலிகாளைகளாக வந்தன. அவற்றின் விந்தும் நாடு நாடாகப் போனது.

விளைவு: 16,000 மகள்கள். 5 லட்சம் பேத்திகள். 20 லட்சத்துக்கும் மேல் கொள்ளுப்பேத்திகள். இன்றைய ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபணுத் தொகுப்பில் சுமார் 14 சதவீதம் இந்த ஒரு காளையிடமிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். 2015ல் வெளியான இன்னொரு ஆய்வில், அமெரிக்க ஹோல்ஸ்டீன் பொலிகாளைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆண்வழியில் இரண்டே காளைகளிடம் போய் முடிகின்றன என்று தெரிந்தது. ஒன்று சீஃப். மற்றொன்று 1965ல் பிறந்த எலிவேஷன்.

பால் கூடியதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1950ல் அமெரிக்கப் பசு ஒன்று வருஷத்துக்குச் சராசரியாகக் கொடுத்த பால் சுமார் 2,400 கிலோ. 2016ல் 10,000 கிலோவைத் தாண்டிவிட்டது. தீவனம், பராமரிப்பு எல்லாம் சேர்த்துத்தான் இது என்றாலும் இனவிருத்திக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

ஆனால் சீஃப்பின் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. கரு வளர்ச்சிக்கு அத்தியாவசியமான ஒரு புரதம் அந்த எழுத்தால் பாதியிலேயே நின்றுவிடும். சீஃப்பிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் கோளாறு, மற்றது நல்லது. அதனால் சீஃப்புக்கு ஒரு குறையும் இல்லை. அதன் மகன் மகள்களுக்கும் இல்லை. பாதிப் பேர் அந்தப் பிரதியைச் சுமந்தார்கள், அவ்வளவே. விந்துப் பரிசோதனை, சினை விகிதம் எல்லாவற்றிலும் சீஃப் பாஸ்.

பிரச்சினை பேரன் பேத்தி காலத்தில் ஆரம்பித்தது. எங்கு பார்த்தாலும் சீஃப் ரத்தம். சுமக்கிற காளையின் விந்து சுமக்கிற பசுவுக்குப் போட்டால் நான்கில் ஒரு கருவுக்கு இரண்டு பக்கமும் கெட்ட பிரதி வந்துவிடும். அந்தக் கரு பிழைக்காது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை?

ஒரு சின்னக் கணக்கு. 100 பசுக்கள் உள்ள பண்ணை. அதில் 5 பசுக்கள் இந்தக் கெட்ட பிரதியைச் சுமக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சுமக்கும் காளையின் விந்தையே 100 பசுவுக்கும் போட்டாலும், 5ல் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு கருதான் போகும். அந்தப் பண்ணையில் சூடு, தீவனக் குறை, பருவம் தப்பி ஊசி போட்டது என்று வேறு காரணங்களாலேயே எத்தனையோ பசுக்கள் சினை நிற்காமல் திரும்பப் பருவத்துக்கு வரும். அந்தக் கூட்டத்தில் இந்த ஒன்று எப்படித் தெரியும்? கருவும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாமலே கரைந்துவிடும்.

ஆகவே பண்ணைக்காரர் பதிவேட்டில் என்ன எழுதினார்? 'இந்தப் பசுவுக்குச் சினை நிற்கவில்லை.' பசுவின் எண் இருந்தது. காளை அந்த வரியில் குற்றவாளியாக இல்லை. பால் வந்தபோது மட்டும் 'சீஃப் ரத்தம்' என்று காளைக்கு வரவு. நிற்காதபோது பசுவுக்குப் பற்று. இருப்பாய்வு சமம்!

சீஃப் ஒன்றுதான் இப்படி என்றும் இல்லை. 1952ல் பிறந்த ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்ற காளையின் வழியில் 'பிளாட்' என்ற நோய் பரவியது. அதில் கன்று பிறந்துவிடும், ஆனால் நோய் எதிர்ப்பு அணுக்கள் வேலை செய்யாமல் சிறுவயதிலேயே போய்விடும். 1992ல் அதன் மரபணுக் காரணம் வெளியானபோது அமெரிக்கப் பொலிகாளைகளில் சுமார் 14 சதவீதம் அதைச் சுமந்தன. ஐவன்ஹோ வழிவந்த பெல் (1974) என்ற காளை அதையும் சுமந்தது, கன்றின் முதுகெலும்பு கோணும் இன்னொரு கோளாறையும் சுமந்தது. இந்த இரண்டாவது நோய் டென்மார்க்கில் வெளிச்சத்துக்கு வந்தது 2000ஐ ஒட்டி. இவற்றைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், செத்த கன்று கையில் இருந்தது. சீஃப் விஷயத்தில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

வராதவர்களைத் தேடியவர்கள்

2000களின் கடைசியில் ஒரு மாட்டின் டி.என்.ஏ.வில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒரே தடவையில் படிக்கும் சிப் வந்தது. காளைகளை அஞ்சு வருஷம் காத்திருக்காமல் கன்றிலேயே தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காக ஆயிரக்கணக்கில் படித்துத் தள்ளினார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பால் வான்ரேடனும் சக ஆய்வாளர்களும் இந்தக் குவியலை வேறு கண்ணால் பார்த்தார்கள். முடிவு 2011ல் வெளியானது.

அவர்கள் யோசனை நம் கல்லூரி அட்டெண்டன்ஸ் மாதிரி. ஒரு டி.என்.ஏ. துண்டு மந்தையில் பரவலாக இருக்கிறது. ஒற்றைப் பிரதியாகச் சுமக்கிறவை நிறைய. அப்படியென்றால் கணக்குப்படி சில மாடுகளிடமாவது அது இரட்டையாக இருந்தே ஆக வேண்டும். இருக்கிறதா என்று 58,453 ஹோல்ஸ்டீன் மாடுகளில் தேடினார்கள். சில துண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. பூஜ்யம். 'யார் ஆப்சென்ட்?' என்று கேட்டார்கள், அவ்வளவுதான். ஆப்சென்ட் ஆனவை பிறக்கவே இல்லை!

சந்தேகத்தை உறுதிப்படுத்த சுமார் 1.49 கோடி ஹோல்ஸ்டீன் சினைப் பதிவுகளைப் புரட்டினார்கள். இரண்டு பக்கமும் சுமக்கும் வாய்ப்புள்ள சேர்க்கைகளில் சினை விகிதம் சில சதவீதம் குறைவாகவே இருந்தது. விவசாயி எழுதி வைத்த 'நிற்கவில்லை' வரிகள் அங்கேதான் இருந்தன, யாரும் அப்படிக் கூட்டிப் பார்க்கவில்லை. ஹோல்ஸ்டீனில் மூன்று, ஜெர்சியில் ஒன்று, பிரவுன் ஸ்விஸ்ஸில் ஒன்று என ஐந்து கோளாறுகள் உறுதியாயின. ஹோல்ஸ்டீனின் முதல் கோளாறு நேராகச் சீஃப்பிடம் போய் நின்றது. பிறகு இன்னொரு குழு சீஃப் வழியின் டி.என்.ஏ.வை முழுதாகப் படித்து அந்த ஒற்றை எழுத்தையும் பிடித்தது.

ஐந்தொகை

அந்த இரண்டாவது குழு கணக்கும் போட்டது. 35 வருஷங்களில் உலகம் முழுக்கச் சீஃப்பின் அந்த எழுத்தால் கலைந்த கருக்கள் சுமார் 5,25,000. நட்டம் சுமார் 42 கோடி டாலர். வகுத்தால் ஒரு கருவுக்கு 800 டாலர். அதே 35 வருஷத்தில் சீஃப்பின் நல்ல மரபணுக்களால் கூடிய பாலின் மதிப்பு சுமார் 3,000 கோடி டாலர்.

நட்டத்தைப்போல 70 மடங்குக்கும் மேல் லாபம். 'அப்புறம் என்னய்யா புலம்பல், சீஃப் வாழ்க' என்று யாராவது சொன்னால் கூட்டல் கழித்தலில் அவர் சொல்வது சரிதான். நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையில் லாபமும் நட்டமும் ஒரே முதலாளிக்குப் போகும். இங்கே அப்படி இல்லை. பால் லாபம் எல்லாப் பண்ணைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகவும், விந்து விற்றவர்களுக்கு மொத்தமாகவும் போனது. நட்டம் எங்கோ ஒரு பண்ணையில், ஒரு குறிப்பிட்ட பசு மேல், ஒரு குறிப்பிட்ட நாளில் விழுந்தது. சினை நிற்காத பசுவைப் பண்ணையில் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். கழித்துக் கட்டி இறைச்சிக்கு அனுப்பிவிடுவார்கள். தன்னிடம் பாதிக் காரணம் மட்டுமே உள்ள ஒரு காரியத்துக்காக எத்தனை பசுக்கள் அந்த லாரியில் ஏறியிருக்கும்! அந்தக் கணக்கு 42 கோடியில் ஒரு வரி. அந்தப் பசுவுக்கு அதுதான் மொத்தக் கணக்கும்.

மனிதர்களிலும் இதுதானே நடக்கிறது? குழந்தை இல்லாத வீட்டில் முதலில் டாக்டரிடம் போகச் சொல்வது யாரை? 'மலடி' என்ற வார்த்தை எத்தனை சுலபமாக வாயில் வருகிறது. அதன் ஆண்பாலை எத்தனை தடவை காதால் கேட்டிருக்கிறீர்கள்? பதிவேடு வைத்து, விஞ்ஞானம் பேசி வளர்த்த மாட்டுப் பண்ணையிலேயே 50 வருஷம் இந்தப் பழக்கம் தாக்குப்பிடித்திருக்கிறது.

நம்ம ஊர்ப் பக்கம்

இது அமெரிக்காக்காரன் கதை என்று விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப் பகுதிக்கு எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன் கலப்பு என்பதுதான் நெடுங்காலக் கொள்கை. நம் தெருவில் கறக்கும் கலப்பினப் பசுவின் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இந்த இரண்டில் ஒரு இனம்தான். 2011 ஆய்வின்படி அமெரிக்க ஜெர்சி மாடுகளில் அந்த இனத்துக்கான கோளாறைச் சுமந்தவை பல வருஷங்களாக 20 சதவீதத்துக்கும் மேல்.

பயப்படச் சொல்லவில்லை. கலப்பினம் என்பதே ஒரு பாதுகாப்பு. நாட்டு மாட்டுப் பக்கத்திலிருந்து நல்ல பிரதி வரும் வாய்ப்பு அதிகம். நம் ஊரில் பசு சினை பிடிக்காததற்குப் பெரும்பாலும் தீவனம், தாது உப்புக் குறை, பருவம் பார்க்கத் தவறுவது, கருப்பை நோய் போன்றவைதான் காரணம். 'பிளாட்' மாதிரி நோய்களுக்கு இந்திய உறைவிந்து நிலையங்களில் காளைகளைச் சோதிக்கவும் செய்கிறார்கள். சோதனை வந்துவிட்டால் இது சுலபமாகத் தீரும் பிரச்சினை. சுமக்கும் காளையைச் சுமக்காத பசுவுக்குப் போட்டால் ஒரு கருவும் போகாது.

ஆனால் ஒன்று. ஒரு பசுவுக்கு இன்று ஊசி போட்டுப் பிறக்கும் கிடேரி இரண்டு, மூன்று வருஷத்தில் தானே ஊசிக்கு வரும். அப்போதும் அதே காளையின் குச்சியே வந்தால் அப்பனையே மகளுக்குக் கட்டிய கதைதான். காமெட் காலத்துக் காலிங் பண்ணை தெரிந்தே செய்ததை நாம் தெரியாமல் செய்வோம். காளையின் எண் ஒவ்வொரு விந்துக் குச்சியிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. மாட்டுக்கும் 12 இலக்க எண்ணோடு காதில் வில்லை போடுகிறார்கள். மாடு வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு உபகாரம் செய்யுங்கள். ஊசி போட்டு முடித்ததும் அந்தக் குச்சியைத் தூக்கிப் போடுவதற்கு முன் காளையின் எண்ணையும் தேதியையும் காலண்டர் ஓரத்திலாவது குறித்து வையுங்கள். அடுத்த முறை ஊசி போட வருபவரிடம் அதைக் காட்டி வேறு காளை கேளுங்கள்.

மூன்று ஊசி போட்டும் நிற்காத மாட்டைத் தரகரிடம் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், 'எந்தக் காளை?' என்று ஒரு கேள்வி கேட்க அப்போதுதான் நம்மிடம் ஏதாவது இருக்கும். பதிவேட்டில் பசுவின் பேருக்குப் பக்கத்தில் காளையின் எண்ணும் ஏறிவிட்டால், நட்டம் வரும்போது யார் கணக்கில் எழுதுவது என்பதைக் கொஞ்சமாவது நியாயமாக முடிவு செய்யலாம்.